அரை அறை

"கதவைச் சாத்திட்டு வா" என்று விசாலாக்ஷி மேடம் சொன்னபோது ஜெனிஃபர் கதவு இடுக்கில் வைத்திருந்த கட்டையைக் காலால் தள்ள வேண்டியிருந்தது. அந்த அலுவலகத்தில் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. சாத்தினால் காற்று வராது.

செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தச் சின்ன அருங்காட்சியகம். அங்கே ராஜாக்களின் வாளும் கிடையாது, சிலையும் கிடையாது. அரிவாள்மணை, இடியாப்ப உழக்கு, தண்ணீர்த் தவலை, பால் தூக்கு என்று பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்கள் ரயிலில் தூக்கிவந்த வீட்டுச் சாமான்கள். ஒரு வியாபாரக் குடும்பத்தின் டிரஸ்ட் சேர்த்து வைத்தது. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது ஜெனிஃபரின் வேலை.

பெயரை வாய்க்கு வந்தபடி எழுத முடியாது. ஒருவர் செம்பு என்பார், ஒருவர் சொம்பு என்பார், இன்னொருவர் லோட்டா என்பார். நாளைக்குத் தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். இதற்காகவே ஒரு கம்பெனி பெரிய சொற்கோவை ஒன்றை விற்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல், ஒரு எண், இரண்டு வரி விளக்கம். வருடச் சந்தா கட்டினால் பாஸ்வேர்ட் தருவார்கள். அதிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, வேறெங்கும் போடக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஜெனிஃபரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சேர்ந்த சந்தோஷத்தில் முழுக்கப் படிக்காமல் போட்ட கையெழுத்து அது.

மேடம் திரையை அவள் பக்கம் திருப்பினாள். இரண்டு படங்கள். இடப்பக்கம் கம்பெனியின் பதிவு. வலப்பக்கம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு பட்டியல். இரண்டிலும் ஒரே சொல், ஒரே விளக்கம்.

அஞ்சரைப் பெட்டி: மசாலாச் சாமான் வைக்கும் மரப்பெட்டி. ஐந்து அறைகளும், கரண்டி வைக்க ஓர் அரை அறையும் உடையது.

"இந்த விளக்கம் உலகத்துலயே அவா லிஸ்ட்ல மட்டும்தான் இருக்காம். இப்போ இந்த ஓசி லிஸ்ட்லயும் இருக்கு. பாஸ்வேர்ட் வெச்சிண்டிருக்கற யாரோ திருடிப் போட்டிருக்கான்னு நோட்டீஸ் வந்திருக்கு. தமிழ் சாமான் வெச்சிண்டிருக்கற கஸ்டமர் அவாளுக்கு ரெண்டே பேராம். ஒண்ணு வெளிநாட்டுல. இன்னொண்ணு நாம."

ஜெனிஃபர் வலப்பக்கத்துப் படத்தையே பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அவா ஆள் வரான். அந்த லிஸ்டை முழுசா எடுக்கணும், யார் பண்ணினதுன்னும் தெரியணும். இல்லேன்னா லைசன்ஸ் கட். லைசன்ஸ் போச்சுன்னா நம்ம பதிவு அத்தனையிலேர்ந்தும் அவா சொல்லு, நம்பர் எல்லாத்தையும் அழிக்கணும். அப்பறம் இங்க என்ன மிஞ்சும், வெறும் போட்டோதான்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நோக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது மேடம்."

யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. வலப்பக்கத்துப் பட்டியல் அவளுடைய மாலை வகுப்பின் பட்டியல். அந்த இரண்டு வரியைப் போட்டதே அவள்தான்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் நடந்தது அந்த வகுப்பு. அருங்காட்சியகப் பதிவு வேலைக்கான டிப்ளமோ. வேலைக்குப் போகிறவர்களாக இருபது பேர் படித்தார்கள். வருடம் முழுக்க அவர்கள் சேர்ந்து செய்த வேலை ஒன்றுதான்: அவரவர் வீட்டில் புழங்கும் சாமான்களின் பெயரை அவரவர் பாஷையில் கேட்டு வந்து ஒரே பட்டியலாகப் போடுவது. மராட்டி, உருது, கொங்கணி, தமிழ். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், எங்கேயிருந்து எடுத்தோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். காசு கிடையாது. அந்த இணையப் பக்கத்தைக் கட்டியவன் தௌசீப், குர்லாவில் பை தைக்கும் பட்டறைக்காரரின் மகன். ஜெனிஃபரின் குடும்பத்தைப் போல அவன் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அவளோடு அவன் தமிழில் பேசுவான்.

அன்றைக்கு, திங்கட்கிழமை, வகுப்பு தொடங்குமுன் படிக்கட்டில் வைத்தே அவனிடம் சொன்னாள்.

"அட, இதுக்கா மூஞ்சி இப்பிடி இருக்கு? டென்ஷன் எடுக்காத. ஒரு வரிதான? இப்பமே டிலீட் பண்ணி உடாய்ச்சிருதேன்."

"ஒரு வரி போதாதாம். மொத்த லிஸ்டும் போணுமாம்."

"மொத்தமா? நம்ம க்ளாஸ் சாதனா அவங்க ஆத்தாகிட்ட கேட்டு எழுதுன மராட்டி வார்த்தையுமா? அவனுக்கு அதுல என்ன ஜோலி?"

"ஒண்ணத் திருடுனவங்க மத்ததையும் திருடியிருப்பாங்கன்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

தௌசீப் சிரிப்பை நிறுத்தினான். "ஏ ஜெனி. கேக்கேன்னு தப்பா நெனைக்காத. நீ காப்பி அடிச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

பகல் முழுக்கக் கம்பெனியின் சொற்கோவை கண்முன் திறந்து கிடக்கிறது. மாலையில் வகுப்புப் பட்டியலுக்கு எழுதுகிறாள். வீட்டில் கேட்ட சொல்தான் என்று நினைத்து எழுதியது, காலையில் திரையில் பார்த்ததாக இருந்தால்? பத்து வீட்டுத் தண்ணீர் ஒரே பீப்பாயில் விழுந்த பிறகு எது யார் வீட்டுத் தண்ணீர்? ஒழுங்காக வேலை செய்கிறவள் என்றுதான் அவளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எந்தச் சொல்லை எங்கே முதலில் பார்த்தோம் என்பதைக் கூடக் குறித்து வைக்காதவள் என்ன ஒழுங்கு?

வகுப்பில் அன்று ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் இருபது பேரின் பட்டியல் போகும். இது மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

தாராவியில் ஜெனிஃபரின் வீட்டில் கூடமும் சமையலும் ஒரே அறை. அம்மா ரோஸி குழம்புக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அப்பா லாசர் தரையில் உட்கார்ந்து மேசைவிசிறியின் கம்பிவலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் கையைக் கூடக் கழுவாமல் அடுப்பு மேடையில் இருந்த பெட்டியின் முன் நின்றாள். கறுத்துப்போன மரம். மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு. ஓரத்தில் கரண்டி கிடக்கிற ஒடுக்கமான சந்து. ஐந்தும் அரையும்.

"ஏட்டி, பேயப் பாத்த மாதிரி என்னத்தப் பாத்துட்டு நிக்க?"

"அம்மா, இதுக்கு ஏன் அஞ்சரைப் பெட்டின்னு பேரு?"

"அஞ்சு அறை இருக்குல்லா. அதான்."

"அப்ப அரை இதானே? கரண்டி போடுறது?"

அம்மாவின் கரண்டி வாணலியில் நின்றது. "என்னது?"

"அஞ்சு முழுசு, ஒரு அரை. அஞ்சரை."

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏங்க, ஒங்க மவ சொல்லுததக் கேட்டியளா? அஞ்சரையாம். ரயில் டேசன்ல மணி சொல்லுதா."

"ஹிந்திப் பள்ளிக்கூடத்துல போட்டா இப்பிடித்தான்" என்றார் அப்பா விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏட்டி, அறைட்டி. ரூமு. அஞ்சு ரூமு இருக்க பெட்டி. அந்தச் சந்து ஒங்கப்பா பிளைவுட்டு வச்சு அடிச்சது. கரண்டி மல்லிக்குள்ள முங்கிப் போவுதுன்னு ஒரு நா சண்டை போட்டேன், அதுக்கு அடிச்சுக் குடுத்தாரு. வேற எந்த வீட்டுலட்டி அது இருக்கு? இன்னும் ஏதாவது கேட்ட, அஞ்சு அறை வுட்டுருவேன், அப்பத் தெரியும் எந்த அறைன்னு."

ஜெனிஃபர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தமிழ் எழுத்தை அவள் வளர்ந்த பிறகுதான் கற்றாள். ரகரமும் றகரமும் அவள் காதுக்கு இன்றுவரை ஒன்று. காதில் விழுந்த 'அஞ்சரை'யை, கண்ணில் பட்ட பெட்டியோடு சேர்த்து அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கும் சரியாக வந்துவிட்டது. பிழைதான், ஆனால் சொந்தப் பிழை. இந்த அரை அறை உலகத்தில் ஒரே ஒரு பெட்டியில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் அது கம்பெனியின் சொற்கோவைக்குள் எப்படிப் போயிற்று?

மெதுவாக நினைவு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் திலக் நகரிலிருந்து ஒரு குடும்பம் இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்தது. சொற்கோவையில் தேடினால் அதற்குச் சொல்லே இல்லை. "புதுச் சொல் பரிந்துரைன்னு ஒரு ஸ்க்ரீன் இருக்கு பாரு, நீயே எழுதிடு, நான் அப்ரூவ் பண்றேன்" என்றாள் மேடம். பெட்டி மாடியில் பூச்சிமருந்து அடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏறிப்போய்ப் பார்க்கவில்லை. வீட்டுப் பெட்டியை நினைத்து எழுதினாள். மேடம் பட்டனை அழுத்தினாள். கம்பெனிக்காரர்களும் கேள்வி கேட்கவில்லை.

திருடவில்லை. அவளிடமிருந்துதான் போயிருக்கிறது. தௌசீப்பைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

மறுமுனையில் அவன் சந்தோஷப்படவில்லை. "இரு. அவங்க சைட்ல லைசன்ஸ் கண்டிஷன் எல்லாம் போட்டுருக்காங்க. அதத்தான் படிச்சிட்டிருக்கேன். ஒம்பதாவது பாரா. நீங்க பரிந்துரை பண்ற சொல்லும் விளக்கமும், அனுப்புன அந்த நிமிஷத்துல இருந்து கம்பெனியோட சொத்து. நீங்க வேற எங்கயும் வெளியிடக் கூடாது."

"அப்படின்னா?"

"எழுதுனது நீதான். ஆனா ஒன்னோடது இல்ல."

"எங்க வீட்டுப் பெட்டில்லா தௌசீப்?"

"பெட்டி ஒங்களது. வார்த்தை அவனது."

அவள் போனை வைத்த பிறகுதான் உண்மையான பயம் வந்தது. அந்த ஸ்க்ரீனில் அவள் எழுதியது இது ஒன்று மட்டுமா? சுளகு என்கிற முறம், குத்துப்போணி, நார்ப்பெட்டி, ஓலைக் கடவம். அம்மா வாயிலிருந்து கேட்டதையெல்லாம் முதல் சில மாதங்களில் ஆசை ஆசையாக அனுப்பினாள். பிறகு அதையே வகுப்புப் பட்டியலிலும் போட்டாள். காப்பி அடிக்கவில்லை என்று நிரூபித்தால் ஒன்பதாவது பாரா பிடித்துக்கொள்ளும். நிரூபிக்காவிட்டால் திருடி. அடுப்படியிலிருந்து அம்மா "சுளகை எடுட்டி" என்றபோது அவளுக்குத் தூக்கிப் போட்டது. அம்மா அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அப்படி யோசித்தோமே என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அவளுடைய பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு மேடத்தின் மேசைக்குப் போனாள்.

"எல்லாருக்கும்தான் மாத்தியிருக்கா" என்றாள் மேடம், அவள் முகத்தைப் பார்க்காமல். பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் திரையில் சொற்கோவை திறந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டியைக் கேட்டபோது அம்மா முறைத்தாள். பிறகு மல்லியையும் மிளகையும் கிடைத்த டப்பாக்களில் கொட்டிக்கொண்டே கேட்டாள்: "மியூசியத்துல வைக்கவா கேக்காங்க?"

"காட்டிட்டுக் கொண்டாந்துருவேன்."

"பூட்டி வச்சுக்கிட்டாங்கன்னா?"

ஜெனிஃபர் மூடியை அழுத்திப் பார்த்தாள். பெட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறினாள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மல்லி வாசம் பரவியது. "கியா பனாயா, பேட்டி?" என்று சமையலை விசாரித்து ஓர் அம்மாள் சிரித்தாள். திருட்டுச் சாமானோடு பிடிபட்டவள் போல ஜெனிஃபர் பையை இறுக்கிக்கொண்டாள்.

அன்றைக்கும் கதவைச் சாத்தினார்கள். கம்பெனியின் ஆள் பெயர் நிகில். முப்பது வயது இருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் வளர்ந்த தமிழ்ப் பையன். அதட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னான். அந்த மரியாதைக்கு என்ன செய்வது என்று ஜெனிஃபருக்குத் தெரியவில்லை.

"நான் தமிழ் பேசுவேன், படிக்க வராது" என்றான். "ஆனா சிஸ்டம் காட்டிடும். இந்த விளக்கம் எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. ஃபிங்கர்பிரின்ட் மாதிரி."

"எங்க ஸ்டாஃப் யாருக்கும் ஒண்ணும் தெரியலை" என்றாள் மேடம். "அந்த லிஸ்டை எடுக்கச் சொல்லி நாங்களும் ஒரு லெட்டர் போட்டுடறோம்."

ஜெனிஃபர் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். லெட்டர் போகும், பட்டியல் போகும், அவள் வேலை இருக்கும். தௌசீப் கூட ஒன்றும் சொல்லமாட்டான். அவன் சொல்லமாட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"மேடம், அது எங்க க்ளாஸ் லிஸ்ட். நான்தான் போட்டேன். திங்கக்கிழமை பொய் சொல்லிட்டேன்."

மேடம் திரும்பிப் பார்த்தாள். ஜெனிஃபர் அந்தப் பார்வையைச் சந்திக்காமல் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இது எங்க வீட்டுப் பெட்டி. இந்தச் சந்து எங்கப்பா அடிச்சது. உங்க லிஸ்ட்ல இருக்கற விளக்கம் இந்தப் பெட்டியோடது. போன வருஷம் உங்க ஸ்க்ரீன்ல நான் எழுதினேன்."

நிகில் பெட்டியைப் பார்த்தான். பிறகு புன்னகைத்தான். "ஓகே. அப்ப நீ சப்மிட் பண்ணினது. அப்படின்னா பாரா நைன்…"

"தெரியும் சார். அது உங்களுது. ஆனா அது தப்பு."

"எது தப்பு?"

"சொல்லே தப்பு. அரை இல்ல, அறை. ஹாஃப் இல்ல, ரூம். அஞ்சு ரூம் இருக்கற பெட்டி. எனக்கு எழுத்து சரியா வராது. தப்பா எழுதிட்டேன்."

மேடம் உதடுகளை மட்டும் அசைத்து, "அஞ்சு… அறை" என்று சொல்லிப் பார்த்தாள். "ஐயோ. எங்காத்துலயும் இருந்துதே. அஞ்சு குழி, அவ்வளவுதான். நான் படிக்காம அமுக்கிட்டேன்." அவள் குரல் இறங்கியது. இந்த ஐந்து நாளும் மேடமும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று ஜெனிஃபருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிகில் எழுதுவதை நிறுத்தியிருந்தான். "இது தப்புன்னு வெளியில யாருக்காவது தெரியுமா?"

"தமிழ் தெரிஞ்ச யார் படிச்சாலும் தெரியும்" என்றாள் மேடம்.

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லும் அறிஞர்களால் சரிபார்க்கப்பட்டது என்று கம்பெனியின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் அந்த இன்னொரு கஸ்டமரிடமும் இந்நேரம் அஞ்சரைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதோ என்னவோ. அவன் நெற்றியில் வியர்வை மினுமினுத்ததற்குச் சாத்தியிருந்த கதவு மட்டும் காரணமில்லை.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான், முன்னைவிட மெதுவாக. பரிந்துரை ஸ்க்ரீனைத் திறந்து லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். "சரியானதை இங்க போட்டுடு. ரெண்டு நிமிஷ வேலை. நோட்டீஸை நான் பார்த்துக்கறேன். உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

வெள்ளைக் கட்டத்தில் கோடு ஒன்று மினுங்கியது. மேடம் நாற்காலியை முன்னால் இழுப்பது கேட்டது. ஜெனிஃபரின் விரல் எழுத்துகளின்மேல் வந்து நின்றது. அ அடித்தால் போதும், மீதி தானாக வரும். அனுப்பிய நிமிஷத்திலிருந்து அது அவர்களுடையது. தப்பு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. இப்போது சரியும் போய்விடும். நாளைக்கு வகுப்புப் பட்டியலில் அஞ்சறைப் பெட்டி என்று யார் எழுதினாலும் இதே மாதிரி ஒருவன் மரியாதையாக வந்து தண்ணீர் கேட்பான்.

கையை எடுத்துக்கொண்டாள். அதைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றினாள்.

"இதுல வேண்டாம் சார். என்னோட தப்பை எங்க லிஸ்ட்லேர்ந்து இன்னிக்கே எடுத்துடறோம். அது உங்களுது, வெச்சுக்குங்க. சரியான சொல்லை அங்க போடுவோம். நீங்க அங்கேர்ந்து எடுத்துக்கலாம். காசு வேண்டாம். எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு மட்டும் போடணும்."

"அதுக்கு எங்க ஸ்க்ரீன்ல கட்டமே கிடையாது."

"ஒரு கட்டம் போடச் சொல்லுங்க சார்."

திமிராகச் சொல்லவில்லை. அழுகைக்குப் பக்கத்திலிருந்த குரலில், வேறு வழி தெரியாமல்தான் சொன்னாள். நிகில் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினான். "மேல கேக்கணும்." வாசல்வரை போனவன் நின்றான். "அந்த ஸ்க்ரீன்ல நீ மொத்தம் எத்தனை வார்த்தை போட்டிருப்பே?"

"தெரியலை சார். எண்ணலை."

"நான் பார்த்துக்கறேன்" என்று தலையசைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

மேடம் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "திங்கக்கிழமை நோக்கு வேலை இருக்குமான்னு என்கிட்ட கேக்காதே. எனக்கே இருக்கான்னு தெரியலை" என்றாள். "அந்தக் கதவைத் திற. காத்து வரட்டும்."

சாயங்காலம் வகுப்பில் தௌசீப் பட்டியலைத் திறந்து பழைய இரண்டு வரியை அழித்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தான். அஞ்சறைப் பெட்டி. றகரம் வந்ததும் அவன் போனில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். சரிதான். இன்னொரு முறை பார்த்தாள்.

"ஐந்து அறைகள் உடைய மரப்பெட்டி. அவ்வளவுதான?" என்றான். பிறகு அவள் மடியில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தான். "இந்தக் கரண்டிச் சந்துக்கு என்ன பேரு? அதையும் போட்டுருவமா?"

"அதுக்குப் பேரு இல்ல. போடாத."

"ஏன்? ஃப்ரீ லிஸ்ட்தான?"

"ஃப்ரீயாவும் வேண்டாம், காசுக்கும் வேண்டாம். அது வீட்டுலயே கெடக்கட்டும்."

அவன் தோளைக் குலுக்கினான். அந்தச் சந்துக்குள் அவள் போட்டு வைத்திருந்த போன் அதிர்ந்தது. மரப்பெட்டி முழுக்க வண்டு புகுந்தமாதிரி இரைந்தது. வகுப்பில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஜெனிஃபர் உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது மேடத்தின் செய்தி இருந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ், வழக்கம்போல.

நிகில் பெட்டியை ஆறு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றான், அவா லிஸ்ட்ல போடறதுக்காம். நான் அனுப்பலை. திங்கக்கிழமை சீக்கிரம் வா. பெட்டியைக் கொண்டு வராதே.

இரண்டு தடவை படித்தாள். பிறகு மூடியை மூடி, துண்டைச் சுற்றி, பையின் அடியில் வைத்து, பையைக் காலுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள்.